நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

டயர்க் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஒரு மாதமாக லேத்துக்கு மேலே அலமாரியில் எண்ணெய் குடித்துக்கொண்டு கிடந்தது. இன்றுதான் எடுத்தேன். வண்டி பார்க்கிற வேலை ஒன்று தலையில் விழுந்திருக்கிறது. நாலு வண்டி பார்த்தால் எதில் எது என்று குழம்பிவிடும். எழுதி வைத்தால் தேவலை.

காலையில் வசந்தாமணி பட்டறைக்கு வந்தாள். புருஷன் தாமோதரன் இறந்த பிறகு அவள் கோவை கணபதிப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. மகள் ரூபிகாவும் கூட வந்தாள். இருபத்தொரு வயது, அப்பனைப் போலவே நெட்டையாக.

"அண்ணா, கேம்ப்ப மறுபடி ஆரம்பிக்கறமுங்க. மே மாசத்துக்கு ரெண்டு குரூப் கேட்டிருக்காங்க. கூடாரமெல்லாம் மாடில கெடக்குது, எலி திங்கறதுக்குள்ள எடுக்கோணும். ஒரு வேன் பாத்துக் குடுங்க. நம்ம சக்திக்குள்ள இருக்கோணும், நாலு சக்கரமும் இழுக்கோணும். ரூபி ஓட்டிக்குவா."

தாமுவுக்குத் தொழிலே அதுதான். எட்டுப் பேர் பத்துப் பேராகச் சேர்த்துக்கொண்டு வால்பாறை, அட்டப்பாடி, மேகமலை என்று காட்டு ஓரமாகக் கூடாரம் அடித்துத் தங்க வைப்பான். வேன் நானும் அவனும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. போன அக்டோபர் மூன்றாம் தேதி எஸ்டேட் மேடு ஒன்றில் மழைச் சேற்றில் ஏறப் பார்த்தான். ஜனங்களை இறக்கி விட்டுத் தனியாகத்தான் ஏறினான். வண்டி பின்னால் வழுக்கிப் பள்ளத்துக்குள் போய்விட்டது. முன் சக்கர லீவரைப் போட மறந்துவிட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாதாரண ரோட்டில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். சேறு, மேடு என்றால் கியருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் குட்டி லீவரை இழுத்துவிட வேண்டும், முன் சக்கரமும் சேர்ந்துகொள்ளும். ஒரு தடவை கூடாரத்தை எடுத்துக்கொண்டு அதன் கம்பிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போன மகராசன் அவன்.

ரூபிகா என்னைப் பார்க்காமல் லேத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "லீவரே இல்லாத வண்டியா பாருங்க மாமா. எப்பவும் நாலும் இழுக்கற மாதிரி. மறக்கறதுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது."

சரி கண்ணு என்றேன். எப்போதும் நாலும் இழுக்கிற வேன் இவர்கள் சக்திக்குக் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

மேட்டுப்பாளையம். ஆம்புலன்ஸாக ஓடி ஓய்வு பெற்ற வேன். உடம்பு நல்ல உடம்பு, தரையில் துரு இல்லை, பின்னால் நீள இருக்கை, நாலு பேர் படுக்கலாம். நான் கோணியை விரித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டு போகிற ஷாஃப்ட், முன்னும் பின்னும் இரண்டும் ஒழுங்காக இருந்தன.

ரூபிகா ஓட்டுனர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். லீவரைப் பார்த்தாள், உடனே இறங்கிவிட்டாள்.

"இது வேண்டாம்."

"வண்டி தங்கமாட்டம் இருக்குதே கண்ணு."

"லீவர் இருக்குதில்லீங் மாமா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வசந்தாமணி மெதுவாகச் சொன்னாள். மாசாமாசம் தாமுவுக்குப் படையல் வைக்கிற நாளில் ரூபிகா மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாளாம். "ஒரு கைய நீட்டி லீவரப் போட்டிருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு, அவருக்கு எங்க மேல அவ்வளவுதான் நெனப்பு, அப்படீங்கறாண்ணா. நான் என்னத்தச் சொல்லட்டும்? எனக்கே சில நேரம் அந்தக் கோவம் வருதுங்க."

எனக்கு மோர் குடித்தது சேரவில்லை. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

பம்புசெட்டுக்குக் கடைந்த புஷ் நாற்பது டெலிவரி. ஆட்டோவில் அனுப்பினேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அவிநாசி ரோட்டில் புது வண்டி ஷோரூம். லீவரே கிடையாது, எந்தச் சக்கரம் வழுக்கினாலும் தானாகவே மற்றதற்கு இழுவையை மாற்றிக்கொள்ளும் என்று கழுத்துப் பட்டை கட்டிய தம்பி கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். ரூபிகா கண் கொட்டாமல் கேட்டாள். விலையைச் சொன்னதும் வசந்தாமணி, அங்கே கொடுத்த காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டாள். அவளிடம் இருப்பதுபோல மூன்று பங்கு.

மதியம் பொள்ளாச்சி. புரோக்கர் ஒருவன் வாயாலேயே வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான். பக்கவாட்டில் நாலு சக்கர முத்திரை பளபளவென்று இருந்தது. நான் கீழே படுத்தேன். படுத்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, முன் ஷாஃப்ட் இல்லை. இரண்டு முனையும் மொட்டையாக இருந்தன.

எழுந்து வந்து அவனைப் பிடித்தேன். "எங்கடா முன் ஷாஃப்ட்டு?"

"அண்ணா, மைலேஜுக்குக் கழட்டி வெச்சிருக்கறாங்க. டவுனுக்குள்ள ஓட்டறவங்க எல்லாம் பண்றதுதானுங்க. எட்டு போல்ட்டு. வேணுங்கறப்ப மாட்டிக்கலாம்."

வசந்தாமணி பக்கத்தில் வந்து நின்றாள். "அது இல்லாம லீவரப் போட்டா என்னங்க ஆகும்?"

"லீவர் பாட்டுக்கு விழுமுங்கக்கா. போட்ட மாதிரியே இருக்கும். பின் சக்கரம் மட்டுந்தான் சுத்தும்."

நான் அவனைக் கண்டபடி திட்டினேன். ஆளைக் கொல்கிற வேலை, அயோக்கியப் பயல், உன்னைப் போலீசில் பிடித்துக் கொடுக்கிறேன் என்றெல்லாம். பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். புரோக்கர் பயந்தே போனான். ரூபிகா என் கையைப் பிடித்து, "விடுங்க மாமா, வாங்காமப் போனாச் சரி," என்று இழுத்துக்கொண்டு வந்தாள்.

வழியில், "எங்களுக்காக இப்படிச் சண்டை போட உங்கள விட்டா யாரு இருக்கறாங்க," என்றாள் வசந்தாமணி. வெயில் அதிகம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இன்று ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

பழைய இரும்பு எடுப்பவரை வரச் சொல்லியிருந்தேன். அவர் வருவதற்குள் தேவகி பட்டறையைக் கூட்டிக் கொடுக்கிறேன் என்று உள்ளே நுழைந்துவிட்டாள். கட்டிக்கொண்டு முப்பது வருஷமாகிறது, பட்டறைப் பக்கம் வராதே என்றால் கேட்டதில்லை.

"ஏனுங்க, பெஞ்சுக்கடியில கோணில சுத்தி ஒரு நீளக் கம்பி கெடக்குதே. போன பூசைக்கு வெச்சமே, அதுதான? நான் வெச்ச குங்குமம்கூட அழியல. இதையும் இரும்புக்குப் போட்டர்றதா?"

அது இருக்கட்டும் என்றேன்.

"எந்த வண்டிதுங்க அது?"

ஏதோ பழைய வண்டியினது என்றேன். இரும்புக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். தேவகி துடைப்பத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் கூட்டப் போய்விட்டாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

குன்னூர். ரூபிகாவே இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த வண்டி. தேயிலை ஆலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருக்கிறார். வெளிநாட்டு வேன், பழசு, ஆனால் எப்போதும் நாலும் இழுக்கிற வகை. லீவர் கிடையாது. விலை வசந்தாமணியின் சக்திக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கேதான் எனக்கு மூக்கில் வேர்த்தது.

படுத்துப் பார்த்தேன். சேஸிஸ் சட்டத்தில் துரு உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். ஸ்பேனர் முனையால் தட்டினால் அப்பளமாக உதிர்கிறது. பிரேக்கை மிதித்தால் இரண்டாவது மிதியில்தான் பிடிக்கிறது. உதிரி பாகம் கப்பலில் வந்தால்தான் உண்டு. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற வண்டியா இது?

"துருவ வெல்டிங் வெச்சுக்கலாம் மாமா. பிரேக்க மாத்திக்கலாம். மறதிக்கு என்ன வெல்டிங் இருக்குது?" என்றாள் ரூபிகா.

"கண்ணு, லீவர் வண்டின்னா நாம பழகிக்கலாம். சேஸிஸ் ஒடஞ்சா..."

"எங்கப்பாவும் பழகினவருதானுங்க. பன்னெண்டு வருசம் ஓட்டினவரு."

வசந்தாமணி மகள் பக்கம். மார்ச் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேசிவிட்டார்கள். அதற்குள் வேறு நல்லதாகக் காட்டினால் பார்க்கிறோம் என்று எனக்காக ஒரு சலுகை.

பெயின்ட்டுக்கு அடியில் இருந்த துருவை என் கண்ணால் பார்த்துவிட்டேன். பார்த்ததை அவர்கள் நம்பவில்லை. லீவர் மேல் இருக்கிற பயத்துக்கு முன்னால் துரு அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

கூடலூரில் ஒரு வேன் இருப்பதாகத் தகவல். காட்டிலாகா ஒப்பந்தத்தில் ஓடியது, ஒரே ஆள் கையில் இருந்த வண்டி. லீவர் வண்டிதான். எப்படியாவது இவர்களை அங்கே கூட்டிப் போக வேண்டும். கையில் காலில் விழுந்தாவது.

மார்ச் 1, ஞாயிறு

கூட்டிப் போனேன். வண்டி நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. இரண்டு ஷாஃப்ட்டும் கிரீஸ் மினுமினுக்க இருந்தன. பிரேக் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம், மேலே கூடாரம் ஏற்றக் கம்பி அடித்திருக்கிறார்கள். விலை குன்னூர் வண்டியைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த மாதிரி வண்டி பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணில் படும்.

வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சிச் செம்மண் நொதநொதவென்று இருந்தது. உரிமையாளரே, "ஏத்திப் பாருங்க அம்மணி," என்றார். முதலில் லீவர் போடாமல் ஏறச் சொன்னேன். பாதி மேட்டில் பின் சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழன்றது. வண்டி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. வசந்தாமணி முகத்தை மூடிக்கொண்டாள்.

"இப்ப லீவரப் போடு கண்ணு."

ரூபிகா போட்டாள். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு, செக்கு மாடு போல நிதானமாக ஏறி மேலே போய் நின்றது.

நாங்கள் மூச்சு வாங்க ஏறிப் போனபோது அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். ஐந்து மாதமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. சாவு வீட்டில்கூட விறைத்துப்போய்த்தான் நின்றிருந்தாள்.

"இவ்வளவுதானாங் மாமா? இவ்வளவுதானா? ஒரு கையி. ஒரு செகண்டு. இது முடியலயா அவருக்கு? எங்களப் பத்தி ஒரு செகண்டு நெனைக்க முடியலயா?"

வசந்தாமணி மகளை அணைத்துக்கொண்டாள். என் பக்கமும் ஒரு கையை நீட்டினாள், ஆறுதலுக்கு. நான் டயரில் காற்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இந்த வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தினமும் அந்த லீவரைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாதாம். குன்னூர் வண்டிதான் முடிவு. நான் கூடலூர்க்காரரிடம் ஒரு வாரம் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

மார்ச் 4, புதன்

மாலை ரூபிகா போன் செய்தாள். ஹேமலதா டீச்சர் என்று ஒருவர். அக்டோபரில் அந்த வண்டியில் போன எட்டுப் பேரில் அவரும் ஒருவர். மே மாதம் மறுபடி வரப் பெயர் கொடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் லீவர் மறந்த கதையை வசந்தாமணி சொல்ல, அவர் திகைத்துப் போய்விட்டாராம்.

"அப்பா எல்லாரையும் எறக்கி விட்டுட்டு, பயப்படாதீங்க, நாலு சக்கரமும் போட்டாச்சு, அப்படின்னு ஜன்னல்ல தலைய நீட்டிச் சொன்னாராம் மாமா. டீச்சர் காதால கேட்டிருக்காங்க. போலீஸ்ல லீவரப் பத்தி யாரும் அவங்ககிட்டக் கேக்கவே இல்லயாம். அப்ப அப்பா போட்டிருக்காரா? போட்டிருந்தா வண்டி ஏன் ஏறல?"

குரலில் என்ன ஒரு வேகம். ஐந்து மாதம் கழித்து அப்பன் திரும்பி வந்துவிட்டது மாதிரி.

நான் சொன்னேன்: "பயணிக பயப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்பான் கண்ணு. அவசரத்துல. போட்டேன்னு நெனச்சுட்டுச் சொல்லியிருப்பான்."

"அப்ப போடாமயே போட்டேன்னு பொய் சொல்லியிருக்காரு," என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்

பட்டறைக்கு லீவு விட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

குன்னூர்க்காரர் அட்வான்ஸை ஞாயிறு காலை பத்து மணிக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், நீங்களும் வந்துவிடுங்கள் அண்ணா என்று வசந்தாமணி. கேம்ப்புக்கு இது வரை பத்தொன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். அந்தத் துருப்பிடித்த சட்டத்தின் மேல் பத்தொன்பது பேர், இரண்டு நடையாக. ஓட்டப் போவது ரூபிகா.

தேவகி கேட்டாள், ஏன் சாப்பிடவில்லை என்று. பல்வலி என்றேன். எந்தப் பல் என்றாள். எனக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 7, சனி

இந்த டைரியில் பிப்ரவரி மூன்றாம் தேதி எழுதியது பொய். லீவர் போட மறந்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று எழுதியிருக்கிறேன். அதை எல்லோருக்கும் சொன்னவனே நான்தான்.

கேம்ப் இல்லாத நாளில் வேன் என் பட்டறையில் நிற்கும். லேத்தில் கடைந்த புஷ், காலர் எல்லாம் பீளமேடு, சிட்கோ என்று அதில்தான் டெலிவரி செய்தேன். தாமுவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். டவுனுக்குள் ஓட்ட முன் ஷாஃப்ட் எதற்கு? கழற்றினால் ஸ்டியரிங் இலகுவாக இருக்கும், டீசல் மிச்சம். திங்கட்கிழமை கழற்றுவேன், கேம்ப் புறப்படுவதற்கு முந்தின நாள் மாட்டுவேன். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அந்த வாரம் ஆயுத பூஜை. கழற்றிய ஷாஃப்ட்டைத் துடைத்து, ஸ்பேனர், சுத்தியல், டிரில் எல்லாவற்றோடும் சேர்த்துப் பூஜையில் வைத்துவிட்டேன். தேவகி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் காலை சூடம் காட்டி எடுக்கிற வரை ஆயுதத்தைத் தொடக் கூடாது. எங்கப்பா காலத்திலிருந்து பட்டறை வழக்கம் அது. தாமு மறுநாள் காலை வருவதாகத்தான் இருந்தது, சூடம் காட்டியதும் மாட்டிவிடலாம் என்று இருந்தேன். அன்று சாயங்காலமே வந்து நின்றான். கூட்டம் எல்லாம் ரெடியாகிவிட்டது, இப்பவே எடுத்துக்கிறேன் மாமா என்றான். பட்டறை முழுக்க ஆட்கள், பொரியும் சுண்டலுமாக. வண்டிக்கு வாழைக் கன்று கட்டியாகிவிட்டது, எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது.

அத்தனை பேர் முன்னால், உன் பங்கு வண்டியில் என் சரக்கை ஓட்டுகிறேன், அதற்காகக் கழற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்லக் கூச்சம். பூஜையில் கை வைக்கத் தயக்கம். மழைக்காலம் முடிந்த மாதிரிதான் இருந்தது. மலைக்குப் போனதும் போன் செய்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் செய்தேன், அவனுக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. ஒரு தடவைதான் செய்தேன். அதையும் எழுத வேண்டும், ஒரே ஒரு தடவை.

அவன் செத்த அன்று போலீசு கேட்டது. மறதிக்காரன், லீவர் போட்டிருக்க மாட்டான் என்றேன். என் வாயிலிருந்து தானாக வந்தது. எல்லோரும் நம்பினார்கள், அவன் மறதி அப்படிப்பட்டது. பள்ளத்திலிருந்து எடுத்த வண்டி முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. அதில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நானே கையெழுத்துப் போட்டு உடைக்கக் கொடுத்தேன்.

இன்று மதியம் வசந்தாமணி வீட்டுக்குப் போனேன். மாடியில் கூடாரங்களை அலசிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ரூபிகா இல்லை, பிரின்ட் எடுக்கப் போயிருந்தாள். வாங்கண்ணா என்று ஒரு முனையை என் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாக உதறினோம். உதறிக்கொண்டே சொன்னேன். முழுக்கச் சொன்னேன். பூஜையைச் சொன்னேன், கூச்சத்தைச் சொன்னேன், போலீசில் சொன்னதைச் சொன்னேன்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். கையில் இருந்த முனையைக் கொடிக் கயிற்றில் போட்டு இரண்டு கிளிப் மாட்டினாள்.

"எத்தன போல்ட்டுன்னு சொன்னான் அந்தப் பொள்ளாச்சிக்காரன்?"

"எட்டு."

"எட்டு மாட்ட எவ்வளவு நேரமுங்க ஆகும்?"

"இருபது நிமிசம்."

"இருபது நிமிசம்," என்றாள். "அவரு அன்னைக்கு உங்க பட்டறைல முக்கா மணி நேரம் உக்காந்து சுண்டல் தின்னுட்டுத்தான வந்தாரு. நாந்தான் ஏன் லேட்டுன்னு போன்ல சத்தம் போட்டேன்."

கொடியில் கிடந்த கூடாரத்தின் சுருக்கத்தை நான் இழுத்துவிட்டேன்.

"உங்க போல்ட்டு கெடக்குதுங்க. தப்புப் பண்றது மனுசனுக்கு உண்டு. நான் அஞ்சு மாசமா செத்தவரத் திட்டிட்டு இருக்கறனே, அது உங்களுக்குத் தெரியுமில்ல? பஸ்ஸுல சொன்னேன். பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான வந்தீங்க?"

கேட்டுட்டுத்தான் வந்தேன் என்றேன்.

"எம் மக தகப்பனப் பொய்யன்னு சொல்லிட்டு இருக்கறா. புதன்கெழமையிலிருந்து. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. அவ வர்ற வரைக்கும் உக்காருங்க."

அண்ணா என்று சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் மீதிக் கூடாரங்களைத் தனியாகவே உதறிக் காயப் போட்டாள்.

ரூபிகா வந்தாள். சொன்னேன். நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"அப்ப அப்பா போட்டிருந்தாரு."

"போட்டிருந்தான் கண்ணு."

"கண்ணுன்னு கூப்பிடாதீங்க."

உள்ளே போய்விட்டாள். படத்துக்கு முன்னால் விழுந்து அவள் அழுத சத்தம் தெருவில் நான் போகிற வரைக்கும் கேட்டது.

மார்ச் 8, ஞாயிறு

பத்து மணி ஆயிற்று. குன்னூருக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே அந்த மேலாளருக்குப் போன் போட்டேன். அவர்கள் வரவில்லை என்றார். கூடலூர் வண்டியைப் பார்க்கக் காலையிலேயே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அம்மாவும் மகளும் போயிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. படுத்துப் பார்க்க வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

தேவகியிடமும் சொன்னேன். "என்ற கையாலதான குங்குமம் வெச்சேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மார்ச் 10, செவ்வாய்

ரூபிகாவிடமிருந்து செய்தி. நான் எழுதித் தர வேண்டுமாம். அந்த எட்டுப் பேருக்கும், கேம்ப் குரூப்பில் இருக்கிற முந்நூறு பேருக்கும் அவளே அனுப்புவாள். ஒரு நகல் போலீசுக்கு. என்ன ஆகும் என்று தெரியும். பட்டறை போகலாம், நானும் உள்ளே போகலாம். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

திருப்பி அனுப்பிவிட்டாள். "மழையப் பத்தி நாங்க கேக்கல. பூசையப் பத்தியும் கேக்கல. சிக்னல் கெடைக்காததையும் கேக்கல. என்ன பண்ணுனீங்கன்னு மட்டும் எழுதுங்க."

மறுபடி எழுதினேன். மறுபடி திருப்பினாள். "நண்பன், உயிர், மனசாட்சி இதெல்லாம் எடுத்துடுங்க."

மார்ச் 12, வியாழன்

இன்று அனுப்பியதை ஏற்றுக்கொண்டாள். நகல் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பன். அக்டோபர் ஒன்றாம் தேதி சாயங்காலம் தாமோதரனிடம் நான் கொடுத்து அனுப்பிய வேனில் முன் ஷாஃப்ட் இல்லை. கழற்றியவன் நான். கழற்றியதை அவரிடம் சொல்லவில்லை. அவர் லீவர் போட மறந்தார் என்று போலீசிடமும் அவர் மனைவியிடமும் மகளிடமும் நான் சொன்னது பொய். தாமோதரன் எட்டுப் பேரையும் இறக்கிவிட்டு, லீவரைப் போட்டுக்கொண்டுதான் மேட்டில் ஏறினார்.